சலவைக்கல்லில் முகம், கருங்கல்லில் மேனி

இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த சலவைக்கல்லைச் செட்டிநாட்டு வீடுகளின் தரையிலே மிதித்துப் பழகிய நமக்கு, அதே தேசத்துச் சிற்பிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அத்தகைய கல்லில் மனித முகங்களைச் செதுக்கிய விதம் அறியத்தக்கதாகும்.

பண்டை ரோமாபுரிப் பிரபுக்களின் இல்லங்களில், நம் வளவைப் போலவே நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்று உண்டு. அதையொட்டிய பேழைகளில் மூதாதையரின் மெழுகு முகங்களை வைத்துப் போற்றி, குடும்பத்தில் ஒருவர் காலமானால் அவற்றை அணிந்தோர் சவ ஊர்வலத்தில் நடந்து செல்வது வழக்கமென்று பாலிபியஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். முதுமையை அனுபவத்தின் முத்திரையாக மதித்த அந்தக் குடியரசுக் காலத்துப் பிரதிமைகளில் வழுக்கையும், நெற்றிச் சுருக்கமும், ஒட்டிய கன்னமும் ஒளிவுமறைவின்றி இடம்பெற்றன. பின்னர் வந்த அகஸ்டஸ் சக்கரவர்த்தியோ எழுபத்தைந்து வயதுவரை வாழ்ந்தும், சிலைகளில் என்றும் வாலிபராகவே நிற்கிறார்.

சுண்ணாம்புக்கல் பூமியின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் பிறப்பதே சலவைக்கல். அது உளிக்கு எளிதில் இணங்கும். கூருளியால் பருவெட்டாகக் கொத்தி, பல்லுளியால் கன்னத்தையும் மோவாயையும் திரட்டி, அரத்தால் தேய்த்து, துளைக்கருவியால் சுருள்மயிரின் குழிகளைக் குடைவார்கள். ஒளி கல்லுக்குள் சற்றே ஊடுருவிப் பரவுவதால் சருமத்தின் மென்மை தோன்றுகிறது. வர்ணத்தால் மட்டுமே தீட்டிவந்த கண்மணியை, ஹாட்ரியன் ஆண்ட கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் உளியாலேயே கீறத் தொடங்கினர்.

நமக்கு அண்மையிலுள்ள மதுரைப் புதுமண்டபத்தில், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரும் அவருடைய முன்னோரும் கருங்கல் தூண்களில் கைகூப்பி நிற்கின்றனர். கருங்கல் சலவைக்கல்லைவிடப் பன்மடங்கு கடினமானது. ஆயினும் அணிகலன்களின் நுணுக்கத்தைக் கண்டவர், முகத்தில் சுருக்கம் காணாததற்குச் சிற்பியின் கைத்திறனைக் குறைகூற மாட்டார். ரோமாபுரிப் பிரதிமை குலப்பெருமையைச் சந்ததிக்குச் சாற்ற எழுந்தது. மதுரைப் பிரதிமையோ தெய்வ சந்நிதியில் பக்தனாக நிற்பதற்கு எழுந்தது. எனவே இங்கே ஆளைக் காட்டுவன சரிந்த தொந்தி, தலையணி, இடையில் செருகிய குறுவாள் ஆகியவையே. ரோமாபுரிச் சிலையை முகத்திலிருந்தும், நாயக்கர் சிலையை மேனியிலிருந்தும் பார்க்கத் தொடங்குபவருக்கே அவ்விரு சிற்பிகளின் கருத்தும் விளங்கும்.