இன்னொரு ஏழு கிணறு

வடசென்னைவாசிகளுக்கு 'ஏழு கிணறு' என்றதும் முத்தியாலுப்பேட்டையை ஒட்டிய அந்தப் பழைய பேட்டைதான் நினைவுக்கு வரும். 1772-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டைக்குக் குடிநீர் கொண்டு செல்வதற்காக அமைத்த கிணறுகளால் வந்த பெயர் அது. வள்ளலார் பெருமான் இளமையில் வாழ்ந்த வீராசாமி தெரு வீடும் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து அவர் நடந்தே திருவொற்றியூர் சென்று வடிவுடை நாயகியைத் தொழுது திரும்புவார். அதே ஏழு கிணற்றுப் பகுதியில் பிறந்து, திருமணத்துக்குப் பின் திருவொற்றியூரில் குடியேறி, இன்று அறுபத்தெட்டு வயதை எட்டியிருக்கும் அன்பர் ஒருவர், தம் மனைவியுடன் இன்னொரு ஏழு கிணற்றைக் கண்டு வந்திருக்கிறார். அந்தக் கிணறுகள் கடலுக்கு அப்பால், திருகோணமலையை அடுத்த கன்னியாவில் இருக்கின்றன. ஏழிலும் ஊறுவது வெந்நீர்.

அன்பர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டராக முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறி மாறி ஓடிய வாழ்க்கை. மணமாகி நாற்பது ஆண்டுகளில் மனைவியை அவர் அழைத்துச் சென்ற வெளியூர்கள், திருப்பதியையும் திருத்தணியையும் தவிர அதிகமில்லை. கேட்டால் ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்: "ஒற்றியூர்க்காரன் எல்லை தாண்டினால் கண் போய்விடும், சுந்தரர் கதை தெரியாதா?"

அந்தக் கதையை அறியாத திருவொற்றியூர்க் குடும்பம் ஏது? பூத்தொடுக்கும் சங்கிலியாரைக் கண்டு காதல் கொண்ட நம்பியாரூரர், 'உன்னைப் பிரியேன்' என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து மணம் புரிந்தார். பிறகு திருவாரூர் வசந்த விழாவின் நினைவு உந்த, சத்தியத்தை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களிலும் பார்வை இழந்தார். இன்றும் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடைபெறுகிறது. ஆனால் சுந்தரர் மனைவியை விட்டுவிட்டுப் போனார் என்பதும், உடன் அழைத்துச் செல்வதற்குத் தடையேதும் இல்லை என்பதும் அன்பரின் மனைவிக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகளாக அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்திருந்த அந்த இரவில், 'இவர் பிழைத்தெழுந்தால் இருவருமாகப் பத்ரிநாத் வந்து தப்த குண்டத்தில் நீராடுகிறோம்' என்று அம்மையார் வேண்டிக்கொண்டார். அலக்நந்தா நதிக்கரையில், பத்ரிநாராயணர் சந்நிதிக்குக் கீழே இருக்கும் வெந்நீர்த் தீர்த்தம் அது. ஆனால் பத்ரிநாத் கடல் மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கு மேல் உள்ள தலம். அவ்வளவு உயரமும் குளிரும் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேண்டுதல் அப்படியே நின்றது.

வழி பிறந்தது கோயில் மண்டபத்திலேயே. ஒரு மாலைச் சொற்பொழிவில், ஈழநாட்டின் இரு பாடல் பெற்ற தலங்களான திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பற்றிப் பேச்சு வந்தது. திருஞானசம்பந்தர் கடலைக் கடக்காமல், இராமேசுவரத்தில் இருந்தபடியே அவ்விரு தலங்களையும் பாடினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. கோணேசுவரத்துக்கு அருகே ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருப்பதையும் சொற்பொழிவாளர் போகிற போக்கில் குறிப்பிட்டார். வீடு திரும்பும் வழியில் அம்மையார், "என்னங்க, அங்கே மலை ஏற வேண்டாமாம். வெந்நீரும் இருக்காம்" என்றார். கணவர் வழக்கமான சுந்தரர் பதிலைச் சொல்லவில்லை.

மகன்தான் தயங்கினான். "வெளிநாட்டுக்கா? இந்த வயசிலா?" என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பத்ரிநாத் பயணத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த தொகைக்குள்ளேயே எல்லாம் அடங்கியது. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரந்தான்; எண்ணூரிலிருந்து பேருந்தில் தாம்பரம் போய்ச் சேர அதைவிடக் கூடுதலாகும். பாஸ்போர்ட், இணையவழி நுழைவு அனுமதி, பயணக் காப்பீடு, மருத்துவர் கையெழுத்திட்ட மருந்துச் சீட்டு ஆகிய நான்கையும் மகனே சேகரித்துக் கொடுத்தான். ஆனி மாதத்தை அவர்கள் தேர்ந்ததும் நல்லதாயிற்று. திருகோணமலைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஐப்பசிக்கு மேல் கொட்டும். சித்திரை முதல் ஆவணி வரை கடல் அடங்கிக் கிடக்கும்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவு ரயில் ஏறி, விடிந்தபின் திருகோணமலையில் இறங்கினர். முதல் நாள் மாலை கோணேசர் தரிசனம். கோயிலுக்குப் போகும் பாதை ஒரு கோட்டைக்குள் நுழைகிறது. புள்ளிமான்கள் பயமின்றிச் சாலையில் திரிகின்றன. 1622-இல் போர்த்துக்கீசியர் பழைய ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையை எழுப்பினர். இணைக் கயல் சின்னமும் தமிழ் எழுத்துகளும் பொறித்த கல்லைக் கோட்டை வாயிலில் இன்றும் காணலாம். இடிபாட்டுக்கு முன் பக்தர்கள் மண்ணுக்குள் மறைத்த திருமேனிகள் சில, 1950-இல் நகரசபையினர் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன. 1956-இல் ஆர்தர் கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன் கடலடியில் முக்குளித்தபோது சிவலிங்கம் ஒன்றைக் கண்டெடுத்தார். 1963-இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மாதுமையாளும் கோணேசரும் மீண்டும் மலைமேல் அமர்ந்தனர்.

பாறையின் விளிம்பில் 'இராவணன் வெட்டு' என்னும் பிளவு செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. அங்கே நின்று அன்பர் வெகுநேரம் துறைமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்த்த சென்னைத் துறைமுகம் மனிதன் கல்லைக் கொட்டிக் கட்டியது. கட்டி முடிக்கும் தறுவாயில் 1881-இல் வந்த புயல் அதை உடைத்துப் போட்டது; மறுபடியும் கட்டினார்கள். இங்கோ மலைகளே கரங்களாக வளைந்து கடலை அணைத்து நிற்கின்றன. "ஒரு கல்கூடக் கொட்ட வேண்டியதில்லை பார்" என்று மனைவியிடம் சொன்னார். பிளவைக் காட்டி அம்மையார் கதை கேட்டதற்கு, உடன் வந்த ஆட்டோ ஓட்டுநர், "அதை நாளைக்குக் கன்னியாவில வைச்சுச் சொல்லுறன் அம்மா. இதில பாதிக் கதைதான் இருக்கு" என்றார்.

மறுநாள் விடியலில் புறப்பட்டனர். ஊரிலிருந்து அநுராதபுரம் சாலையில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். கன்னியாவைப் பெரிய தீர்த்தக்குளமாகக் கற்பனை செய்துகொண்டு போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். சிறு சதுரக் கிணறுகள் ஏழு, இடுப்பளவுகூட இல்லாத சுவர்களுடன் அருகருகே அமைந்திருக்கின்றன. ஆழமும் சில அடிகள்தான். அடித்தரை தெளிவாகத் தெரிகிறது, அதிலிருந்து நீர்க்குமிழிகள் மேலெழுகின்றன. உள்ளே இறங்குவதில்லை, வாளியில் மொண்டு தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். வெப்பம் நாற்பது பாகை செல்சியஸை ஒட்டியது என்றாலும் கிணற்றுக்குக் கிணறு சற்றே மாறுபடும். அந்த மாறுபாட்டைக் கையால் உணர்வதே அங்கு வருகிறவர்களுக்கு ஒரு விளையாட்டு.

இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி, வேறு வெடிப்பு வழியாக மேலே திரும்புகிறது. கன்னியாவிலிருந்து மகாஓயா வழியாகத் தெற்கே மதுநாகல வரை இத்தகைய ஊற்றுகள் பல உள்ளன. எண்ணூர்க்காரர்களுக்கு வெந்நீர் புதிதல்ல; அனல்மின் நிலையத்துச் சூட்டுநீர் கழிமுகத்தில் கலந்து மீன்பாடு கெட்ட கதையை அன்பர் நன்கு அறிவார். அந்த நினைப்போடு முதல் கிணற்றில் விரலை நனைத்தவர், முகர்ந்து பார்த்துவிட்டு, "வாடையே இல்லை" என்றார்.

அங்கே வைத்துத்தான் ஓட்டுநர் மீதிக் கதையைச் சொன்னார். இராவணனின் தாய் சிவபூசை செய்யும் நியமம் உடையவள். முதுமையில் அவள் நலிவுற்றதும், தாய்க்காகக் கோணேசரை மலையோடு பெயர்த்துவர எண்ணி இராவணன் வாளால் பாறையை வெட்டினான். அந்த வேளையில் தாய் இறந்தாள். திருமால் ஓர் அந்தணராக வந்து செய்தி சொல்லி, கைத்தடியால் ஏழிடத்தில் ஊன்ற, வெந்நீர் பீறிட்டது. அந்நீரில் மூழ்கி இராவணன் தாய்க்குரிய கடன்களைச் செய்தான். "எங்கட ஆக்கள் தாய் தகப்பன் மோசம் போனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இங்கதான் வாறவை, ஐயா" என்று முடித்தார்.

அன்பர் பதில் பேசவில்லை. அவருடைய தாயார் காலமானபோது அவர் இரவு ஷிப்டில் கிரேன்மேல் இருந்தார். இன்றுபோல் கைபேசி இல்லாத காலம். விடியற்காலை இறங்கி வந்தபோதுதான் செய்தி காத்திருந்தது. கடைசி மூச்சில் தலையை மடியில் தாங்கியவர் மருமகள் ஒருவரே. சடங்குகள் எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் இராமேசுவரம் போய் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராட வேண்டும் என்று அந்தத் தாய் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்ததும், 'அடுத்த வருஷம் அம்மா' என்று தாம் சொல்லிக்கொண்டே இருந்ததும் அவருக்குத் தெரியும்.

அவ்வளவு காலையில் கூட்டமில்லை. அம்மையார் முதலில் கணவரின் பாதங்களில் ஊற்றி, பிறகு முழங்கால், தோள் என்று மெல்ல மேலேறினார். இதய நோயாளிகள் எடுத்த எடுப்பில் தலைக்குச் சூட்டுநீர் விட்டுக்கொள்ளலாகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இவ்வயதில் அங்கே போகிற எவரும் அப்படிச் செய்வதே பாதுகாப்பு. ஆறு கிணறுகளில் இருவரும் ஒருவர் மாற்றி ஒருவர் ஊற்றிக்கொண்டனர். ஏழாவது கிணற்றில் வாளியை நிரப்பியபின் அன்பர் அதைத் தலைக்குக் கொண்டு போகவில்லை. தெற்கு நோக்கி நின்று, இரு கைகளாலும் அள்ளித் தரையில் விட்டார். அம்மையார் அருகே வந்து தம் கையையும் சேர்த்துப் பிடித்து, "அத்தைக்கு வெந்நீர்னா ரொம்பப் பிடிக்கும்" என்றார். வேண்டுதல் அம்மையாருடையது, வந்து சேர்ந்த காரியம் வேறாயிற்று.

கிணறுகள் இப்போது இலங்கைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளன; நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். அருகிலிருந்த பழைய பிள்ளையார் கோயிலைப் பற்றி அங்குள்ள தமிழர்களுக்கு ஆறாத வருத்தம் உண்டு. 2019 ஜூலையில் மக்கள் திரண்டு வந்து போராடினர். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. ஓட்டுநர் அந்த இடத்தைக் காட்டினார். அன்பர் செருப்பைக் கழற்றி, நின்ற இடத்திலேயே மூன்று முறை தலையில் குட்டிக்கொண்டார்.

பிற்பகலில் நிலாவெளிக் கடற்கரை. திருவொற்றியூரில் துறைமுகம் வந்ததிலிருந்து கடல் அரித்து, கரை முழுதும் கருங்கல்லாகிவிட்டது. காலை வைக்க மணல் தேட வேண்டும். இங்கே வெண்மணல் நெடுந்தூரம் விரிந்திருந்தது. அறுபத்துமூன்று வயதில் அம்மையார் புடவையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு முழங்காலளவு நீரில் நடந்தார். அன்பர் கரையில் அமர்ந்து இருவரின் செருப்புகளுக்கும் காவல் இருந்தார்.

மூன்றாம் நாள், வயல்களுக்கு நடுவே இருக்கும் தம்பலகாமம் ஆதிகோணநாயகரைத் தரிசித்துவிட்டு, இரவு ரயிலில் கொழும்பு வந்து விமானம் ஏறினர். எல்லாம் சேர்த்து ஐந்தே நாட்கள்.

திரும்பிய வெள்ளிக்கிழமை இருவரும் வடிவுடையம்மன் சந்நிதிக்குச் சென்றனர். மகிழ மரத்தை வலம் வரும்போது அம்மையார் மெதுவாகக் கேட்டார்: "எல்லை தாண்டினீங்களே, கண் தெரியுதா?"

"இடது கண்ணில்தான் புரை. அது போகிறதுக்கு முன்னாடியே இருந்ததுதானே" என்றார் அவர்.

புரைக்கு அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அது ஆறியபின், தை அமாவாசைக்கு இராமேசுவரம் செல்ல இரண்டு கீழ்ப் படுக்கைகள் பதிவு செய்ய வேண்டும். முன்பதிவு தொடங்கும் நாளை அன்பர் சமையலறை நாள்காட்டியில் இப்போதே வட்டமிட்டு வைத்திருக்கிறார்.