டைட்டில் ஓடட்டும்!

நான் ஒரு டி.வி. பைத்தியம். குறளும் கோயிலும் பற்றி அழகாக எழுதும் அன்பர்களுக்கு நடுவே இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த தமிழில் பாதியைத் தந்தது அந்தப் பெட்டிதான். நன்றி மறப்பது நன்றன்று அல்லவா?

எங்கள் ஊர் பாறசாலை. கர்நாடக இசைப் பாடகி பாறசாலை பொன்னம்மாளின் பெயரோடு சேர்த்துப் பலரும் கேட்டிருப்பீர்கள். கேரளத்தின் தெற்கு ஓரத்தில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. பஸ் ஏறினால் சற்று நேரத்தில் களியக்காவிளை. அங்கே தமிழ்ப் பலகைகள் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம். அம்மையோடு பேசும்போது எது எந்த மொழிச் சொல் என்று எனக்கே பிரிக்கத் தெரியாது.

சின்ன வயதில் தமிழ் கேட்க ரேடியோதான் கதி. திருநெல்வேலி நிலையம், இலங்கை வானொலி, பிறகு 1984 அக்டோபரில் தொடங்கிய நாகர்கோவில் நிலையம். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான் என்பதில், எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கும் பெருமை.

பக்கத்து வீட்டுக்கு டி.வி. வந்தபோது அதில் தெரிந்தது திருவனந்தபுரம் தூர்தர்ஷன். மலையாளமும் இந்தியும் உண்டு, தமிழ் கிடையாது. ஞாயிறு பிற்பகலில் மட்டும் ஏதாவது ஒரு மாநில மொழிப் படம் போடுவார்கள். தமிழின் முறை எப்போது வரும் என்று வாரக்கணக்கில் காத்திருப்போம். வரும் படம் பெரும்பாலும் விருதுப் படமாக இருக்கும். சண்டை இருக்காது, பாட்டும் குறைவு. ஆனாலும் ஒரு காட்சி விடமாட்டோம்.

அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். தமிழ்ப் படம் எங்கே பார்த்தாலும், டைட்டில் ஓடும்போது நான் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும். பள்ளியில் தமிழ் படிக்காத எனக்கு அதுதான் அரிச்சுவடி. வாடகைக்கு எடுத்த வீடியோ காசெட், களியக்காவிளைச் சுவரொட்டி, எல்லாமே பாடப் புத்தகம். ‘ஒளிப்பதிவு’ என்று முடிப்பதற்குள் எழுத்து மறைந்துவிடும். ‘இசை’ மட்டும் இரண்டே எழுத்து. அடுத்து இளையராஜா வருவார் என்று தெரியும். அதை மட்டும் கம்பீரமாக வாசித்துவிடுவேன்.

1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி., அதே ஆண்டு ஆகஸ்ட் 30-இல் ஏஷியாநெட். எங்கள் ஊருக்குக் கேபிள் வந்த பிறகு இரட்டை விருந்துதான்.

இனி என் சொந்த அபிப்பிராயங்கள். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். தமிழ்த் தொடர்களில் எனக்கு முதலிடம் ‘மெட்டி ஒலி’ (2002-2005). ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனாக டெல்லி குமார் வாய் திறக்காமல் நிற்கும் காட்சிகளே போதும். சீர்வரிசைப் பேச்சும் மாமியார் வீட்டு ஏச்சும் நம் தெருவில் கேட்பது போலவே இருந்தன. இரண்டாமிடம் 1999-இல் தொடங்கிய ராதிகாவின் ‘சித்தி’. பிறகு வந்த பல தொடர்களில் அடுக்களைக்குள்ளும் பட்டுப்புடவையோடு நிற்கிறார்கள். இரண்டு மொழியிலும் இந்த நோய் உண்டு.

‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ 2018-இல் விஜய் டி.வி.யில் வந்தது. அதே கதை 2020-இல் ஏஷியாநெட்டில் ‘சாந்த்வனம்’ ஆனது. அம்மை இரண்டையும் பார்த்தாள். இரண்டு வருஷம் முன்னாலேயே கதை தெரிந்ததால் எங்கள் தெருவுக்கு அம்மைதான் ஜோசியர். “அடுத்து என்ன ஆகும் அக்கா?” என்று மலையாளம் பேசும் அண்டை வீட்டுக்காரர்கள் வேலியோரம் வந்து கேட்பார்கள். மலையாளக் கதை சில இடங்களில் வேறு வழி போனபோது ஜோசியம் பொய்த்து, அம்மைக்கு மானம் போயிற்று! தமிழில் மூத்த அண்ணியாக நடித்த சுஜிதா திருவனந்தபுரத்துக்காரர் என்பது எங்களுக்கு இன்னொரு சந்தோஷம். என்னைக் கேட்டால், சகோதரர்கள் முட்டிக்கொள்வது தமிழில் நன்றாக இருந்தது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது மலையாளத்தில் நன்றாக இருந்தது.

சினிமாவில் எங்களுக்கென்றே எடுத்தது போல வந்த படம் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கியது, 2023-இல் திரையரங்குக்கு வந்தது. தூங்கி எழுந்த மலையாளி மம்மூட்டி ஒரு தமிழ்க் கிராமத்து ஆளாகவே மாறிவிடுகிறார். பின்னணியில் பழைய தமிழ்ப் படப் பாட்டும் வசனமும் ஓடிக்கொண்டே இருக்கும். ஊரார் திகைக்கிறார்கள். எனக்கு ஒரு திகைப்பும் இல்லை. பாறசாலையில் நாங்கள் தினமும் செய்வது அதுதானே! 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் 1991-இல் வந்த ‘குணா’ பாட்டு ஒலித்தபோது இரு மாநிலமும் கைதட்டியதும் மறக்க முடியாதது.

மலையாள சினிமாவின் தந்தை என்று போற்றப்படும் ஜே.சி. டேனியல் 1900-இல் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த தமிழர். ‘விகதகுமாரன்’ என்ற பேசாப் படத்தை எடுத்துக் கையிலிருந்த பணத்தையெல்லாம் இழந்தார். 1975-இல் அவர் காலமான பிறகுதான் உரிய மரியாதை வந்தது. கேரள அரசு அவர் பெயரில் விருது தரத் தொடங்கியது 1992-இல். எழுதப்பட்ட பெயரைப் படிக்க ஆள் வேண்டும் என்று அவரை நினைக்கும்போதெல்லாம் தோன்றும்.

இப்போது என் வீட்டுக் கதை. என் மகன் நன்றாகத் தமிழ் பேசுவான். சினிமா வசனம் தலைகீழ்ப் பாடம். போன வருஷம் அம்மை அவனுக்குப் போனில் தமிழில் ஒரு வரி எழுதி அனுப்பினாள். மூன்று நாள் கழித்து என்னிடம் காட்டினான்: “அப்பா, பாட்டி என்ன எழுதியிருக்காங்க?” வாசித்தேன். “மக்களே, வரிக்கைச் சக்கை பழுத்தாச்சு, எப்ப வருவே?”

மூன்று நாளாகப் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாள். பிழை அவனுடையது அல்ல, என்னுடையது. இப்போதெல்லாம் படம் தொடங்கியதும் டைட்டிலைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் இருக்கிறது. வீட்டில் அதை முதலில் அழுத்துகிறவனே நான்தான். தமிழ்ப் படம் பார்த்தால் தமிழ் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். காதுக்கு வந்தது, கண்ணுக்கு வரவில்லை.

இப்போது அப்பாவின் சட்டத்தை என் வீட்டிலும் போட்டிருக்கிறேன். டைட்டிலை வாசித்த பிறகுதான் படம். மகன் முணுமுணுக்கிறான், ‘ஒளிப்பதிவு’ அவனுக்கும் பாதியில்தான் நிற்கிறது. ஆனால் சென்ற மாதம் பாட்டிக்கு அவனே இரண்டு சொல் எழுதினான். ‘அடுத்த மாசம்’ என்பதில் ‘டு’ ‘து’ ஆகிவிட்டது. அம்மைக்குப் புரிந்துவிட்டது.

சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தத் தொடரையும் பாருங்கள், எந்த நடிகருக்கும் ரசிகராக இருங்கள். டைட்டிலை மட்டும் ஓட விடுங்கள். பிள்ளைகள் வாசிக்கட்டும்.