மனித உருவத்தை ஏன் கரியில் வரையச் சொல்கிறார்கள்? மாடலாக நிற்பது சும்மா நிற்பதா?

சென்னை மெரினாவில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1959இல் திறக்கப்பட்ட இதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1850இல் தொடங்கப்பட்ட சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக 1957 வரை இருந்தவர். அங்கே வேலை பார்த்த காவலாளி ஒருவரும், மாணவர் ஒருவரும்தான் சிலைக்கு மாடலாக நின்றார்கள் என்று சொல்லப்படுகிறது. இப்படி ஆளை நேரில் பார்த்து வரையும் பயிற்சியில், மாணவர் கையில் முதலில் வருவது பெரும்பாலும் கரிதான்.

ஏன் கரி?

பென்சில் கிடைத்தால் புதியவர்கள் கண், மூக்கு என்று ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியில் காலுக்குக் காகிதத்தில் இடம் இருக்காது. கரித்துண்டைப் படுக்க வைத்து இழுத்தால், ஒரே இழுப்பில் முதுகு முழுக்க வந்துவிடும். தப்பானால் துணியால் தட்டினாலே போதும். விரலால் தேய்த்தால் நிழல், ரப்பரால் எடுத்தால் வெளிச்சம்.

அடுப்புக்கரி போதாதா?

சுவரில் கிறுக்கப் போதும். ஓவியக் கரி என்பது மெல்லிய குச்சிகளைக் காற்றுப் புகாமல் சுட்டு எடுப்பது. கரிப்பொடியில் பசை சேர்த்து அழுத்திய வகையும் உண்டு. அது நல்ல கறுப்பு, ஆனால் லேசில் அழியாது. வரைந்து முடித்ததும், கரி உதிராமல் இருக்க ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே அடிக்க வேண்டும்.

எதைப் பார்க்க வேண்டும்?

அகரத்தில் திண்டுக்கல் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரைக் கவனியுங்கள். ஒரு காலில் எடையைப் போட்டிருப்பார். அந்தப் பக்கம் இடுப்பு ஏறியிருக்கும், தோள் இறங்கியிருக்கும். இந்தச் சாய்வை 1 நிமிடத்துக்குள் பிடிப்பதுதான் முதல் பயிற்சி. அடுத்தது அளவு: வளர்ந்தவரின் உயரம் சுமார் ஏழரைத் தலை.

போட்டோ பார்த்து வரையக் கூடாதா?

வரையலாம். ஆனால் எடை எந்தக் காலில் இறங்குகிறது, மூச்சு விடும்போது விலா எப்படி அசைகிறது என்பதெல்லாம் நேரில்தான் தெரியும்.

சிக்கல் எங்கே?

மாடலாக நிற்பவர்களை, குறிப்பாகப் பெண்களை, ஊர் தப்பாகவே பார்க்கிறது. மும்பை ஓவியக் கல்லூரி ஒன்றில் மாடலாக நிற்பதை மகனிடமே மறைக்கும் தாயின் கதைதான் 'நியூட்' என்ற மராத்திப் படம். 2017இல் கோவா திரைப்பட விழாப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது பெரிய சர்ச்சையானது.

20 நிமிடம் கையைத் தூக்கியபடி அசையாமல் நின்று பாருங்கள். அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று தோள்பட்டையே சொல்லிவிடும்.