எழுபது ஆண்டுகளைக் கடந்த கனடா இயந்திரங்கள்

நோர்வூட் நகரில் புகையிரத நிலையம் இல்லை. நோர்வூட், பொகவந்தலாவைப் பகுதித் தோட்ட மக்கள் கொழும்புக்கோ கண்டிக்கோ புகையிரதத்தில் செல்வதாயின், டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு பஸ்ஸில் வந்து சேர வேண்டும். ஆயினும், இப்பகுதி முதியோர் இன்றும் 'கோச்சி' என்றே அழைக்கும் அவ்வண்டி இம்மக்களின் வரலாற்றோடு பிரிக்க முடியாதவாறு இணைந்ததாகும். மலையகப் பாதையின் அழகைப் பற்றிச் சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதப்பட்டவை ஏராளம். வண்டிகளை இழுத்த இயந்திரங்களைப் பற்றி எழுதப்பட்டவையோ சொற்பமே. அவற்றுள் ஒரு வகை 1954ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்து, எழுபது ஆண்டுகளைக் கடந்தும் முற்றாக ஓய்வு பெறாதிருக்கிறது. எம்-2 எனக் குறிக்கப்படும் அவ்வகையைப் பற்றியே இங்கு நோக்குகிறோம்.

மலைகளைக் குடைந்து சென்ற பாதை 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டியது. தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்கவும், தோட்டங்களுக்கான அரிசியையும் பொருட்களையும் ஏற்றி வரவுமே அது பெரிதும் பயன்பட்டது. 44 அடி தூரத்துக்கு ஓரடி உயரும் ஏற்றமும், நெருக்கமான வளைவுகளும் கொண்ட இப்பாதை நீராவி இயந்திரங்களுக்குக் கடும் சோதனையாக அமைந்தது. நிலக்கரியோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள, அரைக் கிலோமீற்றருக்கும் கூடுதலான நீளமுடைய சிங்கமலைச் சுரங்கத்துள் நீராவி வண்டி நுழைந்தால் சாரதிக்கும் பயணிகளுக்கும் மூச்சு முட்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாம் உலகப் போரின் பின்னர் டீசல் இயந்திரங்களுக்கு மாறும் பணி தொடங்கியது. இப்பணியை முன்னின்று நடத்தியவர் பி.டி.ரம்பால. பிரதம இயந்திரப் பொறியியலாளராகவும், பின்னர் பொது முகாமையாளராகவும் விளங்கியவர். 1950களின் முற்பகுதியில் பிரித்தானியாவிலிருந்து 25 பிரஷ் பக்னல் டீசல் இயந்திரங்கள் வாங்கப்பட்டன. அவையே எம்-1 வகை. அதே காலத்திலேயே கனடாவின் உதவியும் வந்தது. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் மாநாட்டிலிருந்து பிறந்த கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடா இந்நாட்டுக்குப் புகையிரத இயந்திரங்களை நன்கொடையாக வழங்கியது. ஒண்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரில் இயங்கிய ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையில் அவை உருவாகின. நிறுவனத்தின் பட்டியலில் இவ்வகையின் பெயர் ஜி-12. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் தொகுதி தொகுதியாக வந்தவற்றையும் சேர்த்தால் மொத்தம் 14.

நன்கொடையளித்த நாட்டை நினைவுகூரும் முகமாக இவற்றுக்கு ஒண்டாரியோ, அல்பேர்ட்டா, மனிடோபா என்றவாறு கனேடிய மாகாணங்களின் பெயர்கள் இடப்பட்டன. பின்னர் வந்தவற்றுள் மொன்ட்ரியல், வன்கூவர் ஆகிய நகரங்களின் பெயர்களும் உண்டு. கடைசித் தொகுதியில் ஒன்றுக்கு காங்கேசன்துறை என்ற பெயர் கிடைத்தது. எண்களால் மட்டுமே அறியப்படும் இயந்திரங்களுக்கிடையே இவை பெயர்சொல்லி அழைக்கப்பட்டன.

எம்-2 இவ்வளவு காலம் நிலைத்தமைக்குக் காரணம் என்ன? இதனை இரும்பின் உறுதி என்று மட்டும் கூறிவிட முடியாது. இதன் டீசல் எஞ்சின் சக்கரங்களை நேரடியாகச் சுழற்றுவதில்லை. அது ஒரு மின்பிறப்பாக்கியை இயக்குகிறது. அங்கு உற்பத்தியாகும் மின்சாரம் அச்சுகளில் பொருத்தப்பட்ட மோட்டார்களைச் சுழற்றுகிறது. ஏறத்தாழ 1,400 குதிரை வலுவுடைய அந்த எஞ்சினில் பன்னிரண்டு சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொரு சிலிண்டரையும் அதன் பிஸ்டனோடு தனியே கழற்றி, வேறொன்றைப் பொருத்தலாம். ஒன்று பழுதடைந்தால் முழு எஞ்சினையும் இறக்கவேண்டியதில்லை. அதே நிறுவனம் 1960களில் அறிமுகப்படுத்திய புதிய எஞ்சினின் சிலிண்டர்கள்கூட இப்பழைய கட்டமைப்பில் பொருந்தின. 1979இல் ஜெர்மனியிலிருந்து வந்த எம்-6 வகையும் இதே எஞ்சின் குடும்பத்தைச் சார்ந்தது என்பதால், உதிரிப்பாகங்களும் அவற்றைக் கையாளும் அறிவும் ஒரே வேலைத்தளத்தில் தொடர்ந்து நிலவின.

இதற்கு மாறாக, உடன் வந்த பிரித்தானிய எம்-1 வகை சேவையிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டது. ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்திலிருந்து 1979இல் தருவிக்கப்பட்ட எம்-5 வகைக்கு எஞ்சினையே மாற்ற வேண்டியதாயிற்று. ஹொங்கொங் புகையிரதப் பாதைக்கு 1955இல் சென்ற ஜி-12 வகை இயந்திரமொன்று இன்று அங்கு நூதனசாலையில் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் உடன்பிறப்புகளை இந்நாட்டில் ஓடவைத்தவர்கள் இரத்மலானைத் தொழிற்சாலையின் ஊழியர்களே. அவர்களின் பெயர்கள் எந்த இயந்திரத்திலும் பொறிக்கப்படவில்லை.

இயந்திரங்கள் கண்ட காலமும் சாதாரணமானதன்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 மலையக மக்களை இந்தியா ஏற்கவேண்டுமென வகுத்தது. பிறந்த மண்ணை விட்டுப் புறப்பட்டோர் மலையக நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சென்றனர். வழியனுப்ப வந்தோரும் வண்டியில் இருந்தோரும் கதறியழுததால் அவ்வண்டிகளுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்ற பெயர் வழங்கலாயிற்று. நீராவி விலகி டீசல் நிலைபெற்ற காலமும் அதுவே. புகையிரத வரலாற்றை எழுதுவோர் டீசல் மாற்றத்தைச் சாதனையாகக் குறிப்பிடுகின்றனர், அதில் தவறில்லை. ஆனால் அதே தண்டவாளத்தில் அதே ஆண்டுகளில் சென்ற ஒப்பாரிக் கோச்சி அவ்வரலாற்றில் ஒரு வரியையேனும் பெற்றிருக்க வேண்டும் என்பது எமது கருத்து.

போரும் இவ்வியந்திரங்களை விட்டுவைக்கவில்லை. 1990இல் வவுனியாவுக்கு அப்பால் வடபகுதிச் சேவை நின்றுபோனது. பாதை மீண்டும் காங்கேசன்துறையை எட்டியது 2015 ஜனவரியிலேயே. அதாவது, காங்கேசன்துறை என்ற பெயரைத் தாங்கிய இயந்திரம் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த ஊருக்குச் செல்ல வழியிருக்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி தென்பகுதிப் பெரலியவில் ஆழிப்பேரலையில் சிக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வண்டியை இழுத்துச் சென்றது மனிடோபா. புரட்டி வீசப்பட்ட அவ்வியந்திரம் திருத்தப்பட்டு மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றப்பட்டது. நினைவு தினத்தில் அஞ்சலி செலுத்துவோரை ஏற்றிய வண்டியையும் அது இழுத்துச் சென்றிருக்கிறது. ஜப்பானின் ஹிரோஷிமா நகரில், 1945இல் அணுகுண்டுக்குத் தப்பிய 651, 652ஆம் இலக்க டிராம் வண்டிகளைத் திருத்திப் பல தசாப்தங்களாக ஓடவிட்டதை உலகம் வியந்து பேசுகிறது. மனிடோபாவின் கதை அதற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமற் கூறுதல் வேண்டும். 1954ஆம் ஆண்டு இயந்திரம் இன்றும் தேவைப்படுகிறது என்பதில் பெருமை பாதி, வறுமை பாதி. புதிய இயந்திரங்கள் வாங்கப்பட்டபோதெல்லாம் கடன் வழங்கிய நாடு எது என்பதைப் பொறுத்தே வகை தெரிவாயிற்று. வகைக்கொரு உதிரிப்பாகம், வகைக்கொரு பயிற்சி என்ற நிலையும் தோன்றியது. 2022இல் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது, வெளியிலிருந்து வரவேண்டிய ஒவ்வோர் உதிரிப்பாகமும் பெரும் சுமையாயிற்று. பழையதைத் திருத்தும் கைத்திறனோ ஊழியர் ஓய்வுபெறும்போது அவர்களோடு வீடு சென்றுவிடுகிறது. அத்திறனை இளையோருக்குக் கற்பிப்பதற்குச் செலவாகும் தொகை, புதிய இயந்திரமொன்றின் விலையோடு ஒப்பிடுகையில் அற்பமானது.

2025 நவம்பரில் தித்வா புயல் மலையகப் பாதையைப் பெரிதும் சிதைத்தது. பாதையை மீளமைப்பதைப் பற்றிப் பேசுவோர் சுற்றுலாவையே முதலிற் குறிப்பிடுகின்றனர். கொழும்புக் கடைகளில் வேலைசெய்து தீபாவளிக்கு ஊர் திரும்பும் தோட்டத்து இளைஞனுக்கும் அப்பாதை வேண்டும்.

கடுகண்ணாவையில் தேசிய புகையிரத நூதனசாலை உண்டு. எம்-2 இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்வுபெறும் நாளில், அவற்றுள் ஒன்றையேனும் ஹட்டன் நிலையத்தருகே நிறுத்திவைக்குமாறு புகையிரதத் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறோம். அதன் அருகே வைக்கப்படும் பலகையில் கனடாவின் நன்கொடையும், இரத்மலானை ஊழியரின் உழைப்பும், தலைமன்னாருக்குச் சென்ற கோச்சியின் கதையும் தமிழிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.