மீன் தொட்டிக்கு எந்தத் தண்ணீர்?

மேற்கு வங்காளத்தில், கொல்கத்தாவுக்கு அருகில் ஹவுரா மாவட்டம் இருக்கிறது. அங்கே பல கிராமங்களில் வீட்டிலேயே அழகு மீன் வளர்க்கிறார்கள். பெண்களும் இந்தத் தொழில் செய்கிறார்கள். சிமெண்டுத் தொட்டியிலும் சிறு குளத்திலும் கப்பி, மோலி, பொன்மீன் வளர்கின்றன. கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் சந்தை கூடும். அங்கே இந்த மீன்கள் விலைபோகும்.

வளர்ப்பவருக்கு மீன்தான் முதல். ஒரே இரவில் மீன்கள் செத்து மிதந்தால், பல மாத உழைப்பு வீணாகும். நோய் எதுவும் தெரியவில்லை. தீனியிலும் குறை இல்லை. பிறகு ஏன் செத்தன? பல நேரங்களில், முந்தின நாள் ஊற்றிய புதுத் தண்ணீரே காரணம்.

“நல்ல தண்ணீர்தானே? நாமும் அதைத்தானே குடிக்கிறோம்?” என்று கேட்கத் தோன்றும். நாம் தண்ணீரைக் குடிக்கிறோம். மீனோ தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடுகிறது. தண்ணீரில் கலந்திருப்பது எல்லாம் அதன் செவுளில் படும்.

குழாய்த் தண்ணீர்

கிருமிகளைக் கொல்லக் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலக்கிறார்கள். அப்படிக் கலந்த நீர் வீட்டுக்கு வரும்போது, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்க வேண்டும். இது இந்தியக் குடிநீர்த் தரம். நமக்கு அது பாதுகாப்பு. மீனுக்கு அது நஞ்சு. செவுளைப் புண்ணாக்கும்.

அகன்ற பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்து, ஒரு நாள் முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். இடையிடையே கலக்கிவிட வேண்டும். குளோரின் காற்றோடு போய்விடும்.

ஆழ்துளைக் கிணற்று நீர்

இதில் குளோரின் இல்லை. ஆனால் பூமிக்குள் காற்றுப் படாமல் இருந்த நீர் இது. பிராணவாயு குறைவாக இருக்கும். கரியமில வாயு அதிகமாக இருக்கலாம். சில இடங்களில் இரும்பும் கலந்திருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு செந்நிறத் துருவாக மாறும். அது செவுளில் படிந்தால் மீனுக்கு மூச்சு முட்டும். இந்த நீரையும் ஒரு நாள் வைத்து, நன்றாகக் கலக்கித் தெளியவிட வேண்டும். மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும்.

மழை நீர்

மழை நீரில் உப்புகள் மிகக் குறைவு. அதை மட்டும் ஊற்றினால் மீனின் உடல் தாங்காது. வழக்கமான தண்ணீரோடு கலந்து ஊற்றலாம். முதல் மழையைப் பிடிக்கக் கூடாது. அது கூரை அழுக்கைக் கழுவிக்கொண்டு வரும். தகரக் கூரை நீரும் வேண்டாம். தகரத்தின் மேல்பூச்சில் உள்ள துத்தநாகம் மீனைக் கொல்லும்.

குளத்து நீர்

குளத்து நீரில் மீன் பேனும் நோய்க் கிருமிகளும் வரலாம். தட்டானின் புழுக்கள் மீன் குஞ்சுகளைத் தின்னும். வயலில் அடித்த பூச்சி மருந்தும் குளத்தில் சேரும். துணியில் வடிகட்டினால் புழு நிற்கும். கிருமியும் மருந்தும் நிற்காது.

ஏ.சி. நீர், ஆர்.ஓ. கழிவு நீர்

ஏ.சி. இயந்திரத்தில் சொட்டும் நீர் பளிங்குபோல் இருக்கும். ஆனால் அது உலோகக் குழாய்களில் பட்டு வருகிறது. செம்பு சிறிது கலந்தாலும் மீனுக்கு ஆபத்து. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரில் உப்புகள் மிகுந்திருக்கும். இரண்டையும் தொட்டியில் ஊற்ற வேண்டாம். வீடு துடைக்கப் பயன்படுத்தலாம்.

எவ்வளவு மாற்றலாம்?

எந்தத் தண்ணீரானாலும் ஒரே நேரத்தில் முழுவதும் மாற்றக் கூடாது. கால் பங்கை எடுத்துவிட்டு, கால் பங்கை மெதுவாக ஊற்ற வேண்டும். திடீர் மாற்றத்தை மீன் தாங்காது. பழைய நீரும் புது நீரும் ஒரே சூட்டில் இருக்கின்றனவா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும்.

புதிய இடத்துத் தண்ணீர் என்றால், முதலில் தனிச் சட்டியில் ஓரிரு மீன்களை விட்டு ஒரு நாள் பார்க்கலாம். அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அந்தத் தண்ணீர் வேண்டாம்.

தெளிந்த தண்ணீர் எல்லாம் மீனுக்கு நல்ல தண்ணீர் அல்ல. ஒரு நாள் பொறுத்தால் தொட்டி மீனும் பிழைக்கும். போட்ட முதலும் பிழைக்கும்.

சிந்திக்க:
1. நாம் குடிக்கும் குழாய்த் தண்ணீர் மீனுக்கு ஏன் ஆகாது?
2. முதல் மழை நீரை ஏன் பிடிக்கக் கூடாது?
3. உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?