புதுக்கோட்டைச் சீமையில் சைக்கிள் யாத்திரை

சென்ற மார்கழி மாதத்தில் ஒரு நாள் பதினோராம் வகுப்பில் சரித்திர பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். சித்தன்னவாசல் ஓவியங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "நேரில் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றோம். 42 பேர் உள்ள வகுப்பில் மூன்று கைகள் எழுந்தன. அவற்றில் ஒன்று, தண்ணீர் குடிக்கப் போவதற்கு அநுமதி கேட்ட கை. சித்தன்னவாசலோ நமது பள்ளிக்கூடத்திலிருந்து 10 மைல்! பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ள வாயெடுத்தோம். அப்போதுதான், நாமே அங்கு சென்று 16 வருஷம் ஆகிவிட்டது என்பது நினைவுக்கு வந்து வாயை அடைத்தது.

அந்த வகுப்பில் எல்லோரிடமும் சர்க்கார் வழங்கிய சைக்கிள் இருக்கிறது. அவர்களை அழைத்துச் செல்லுமுன் வழியை நாம் ஒரு முறை மிதித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம். வீட்டில் இதைச் சொன்னபோது, நமது வயதையும் முழங்காலையும் குறித்துச் சில அபிப்பிராயங்கள் வெளியாயின. அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை. நமது பள்ளியின் தமிழாசிரியை அம்மாள் தாமும் வருவதாகச் சொன்னார். அவருடைய தாயார் இருப்பது குடுமியான்மலைப் பக்கத்துக் கிராமம். ஒரு சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டோம்.

புதுக்கோட்டைச் சீமை வெறும் சமவெளி என்று ரயிலில் போகிறவர்கள் எண்ணுவார்கள். சைக்கிளில் போகிறவனுடைய தொடைக்குத்தான் உண்மை தெரியும். ஊரை விட்டு மேற்கே திரும்பியதும் சாலை ஏறும். ஏறுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குத் தெரியும். பிறகு இறங்கும். இறங்கும் இடத்தில் தவறாமல் ஒரு கண்மாய் இருக்கும். கரையில் பனைமரங்கள், கீழே கொஞ்சம் நெல். மறுபடியும் மேடு, செம்மண், வேர்க்கடலைக் கொல்லை, முந்திரி, வரிசை பிடித்து நிற்கும் தைல மரங்கள். நான்கு மேடு தாண்டியபின் நமக்கு ஒன்று புலப்பட்டது. பெரிய ஆற்றுப் பாசனம் அதிகம் இல்லாத இந்தப் பூமியில், பள்ளம் கண்ட இடத்திலெல்லாம் முன்னோர் அணை போட்டு மழைநீரை நிறுத்தியிருக்கிறார்கள். மேட்டில் நின்ற பாறைகளைத் துறவிகளும் சிற்பிகளும் எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சீமையின் சரித்திரத்தில் பாதி இந்த மேடு பள்ளத்தில் அடங்கியிருக்கிறது. காரில் 15 நிமிஷத்தில் போகிறவர்களுக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

சித்தன்னவாசல் குன்று, தரையில் படுத்த யானையைப் போல் மொட்டையாகத் தெரிகிறது. மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இதைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுத்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்லுகிறது. உபாத்தியாயர் ஒருவர் பெயர் கல்லில் இருப்பதைக் கண்டு நாம் சற்று நிமிர்ந்து நின்றோம் என்பதை மறைப்பானேன்? விதானத்தில் தாமரைத் தடாகம்: மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். தூண்களின் மேற்பகுதியில் நடனமாதர் இருவர். சுண்ணாம்புப் பூச்சின்மீது தீட்டிய சித்திரங்கள் ஆயிரம் வருஷங்களுக்கு மேல் தாங்கியிருக்கின்றன. ஆனால் மிஞ்சியவை மேலே உள்ளவை மட்டுமே. கைக்கு எட்டும் உயரத்தில் சுவர் வெறுமையாக இருக்கிறது. இதை நமது மாணவர்கள் பார்த்தே ஆக வேண்டும். கருவறையில் நின்று மெல்ல 'ஓம்' என்று முனகினால் குகை முழுவதும் அதை வாங்கி ரீங்காரம் செய்கிறது. தமிழாசிரியை அம்மாள் மூன்று தடவை முனகினார். நாம் எண்ணவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

குன்றின் மேலேறி அந்தப் பக்கம் இறங்கினால் ஏழடிப்பாட்டம். பாறையில் வெட்டிய காலடிகளைப் பிடித்துக்கொண்டு குறுகிய விளிம்பில் போக வேண்டும். இப்போது கம்பி வேலி உண்டு. உள்ளே, வழவழவென்று இழைத்த 17 கற்படுக்கைகள். அவற்றுள் ஒன்றில் சுமார் 2,000 வருஷத்துக்கு முந்திய தமிழ்ப் பிராமி எழுத்து. அதே கற்களில் சென்ற நூற்றாண்டுக்காரர்கள் சிலரும் தங்கள் பெயரைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். அவை எளிதில் படிக்கக்கூடியவை.

அன்னவாசலுக்குப் போகும் வழியில், 1 மைல் தாண்டுமுன், நமது பின்சக்கரம் சீமைக் கருவேல முள்ளில் ஏறிப் பெருமூச்சு விட்டது. சுற்றிலும் கடை இல்லை. நாம் கைகளைப் பிசைந்துகொண்டு நிற்கையில், அம்மாள் பையிலிருந்து நெம்புகோல், உப்புத்தாள், பசை, ரப்பர்த் துண்டு யாவற்றையும் எடுத்துச் சாலையோரத்தில் பரப்பினார். வாய்க்கால் நீரில் டியூபை முக்கிக் குமிழி பார்த்து, பத்தே நிமிஷத்தில் ஒட்டுப் போட்டு முடித்தார்.

"எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டோம்.

"அறிவொளியிலே ஸார். அப்போது எனக்குப் பதினான்கு வயது. அம்மாவும் நானும் ஒரே சைக்கிளில் விழுந்து எழுந்து கற்றோம்."

1991-ம் வருஷத்தில் இந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்குப் பெரிதும் ஊக்கம் அளித்தார். பெண் சைக்கிள் விடுவதைக் கேலி செய்த தெருக்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் மிதித்துச் சென்றார்கள். 1992-ல் மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை நகரில் சைக்கிள் ஏறி அணிவகுத்த பெண்கள் 1,500 பேருக்கு மேல். கையெழுத்துப் போடக் கற்ற கை, அதே பருவத்தில் சைக்கிள் பிடியையும் பற்றியது. இந்தப் பாதைகளில் அந்தச் சக்கரங்களின் தடமும் சரித்திரமே என்று நமக்குப் பட்டது.

அன்னவாசலில் இட்டிலி சாப்பிட்டு, தென்மேற்கே திரும்பிச் சுமார் 6 மைல் மிதித்ததும் குடுமியான்மலை. அம்மாளின் தாயார் கோயில் வாசலில் காத்திருந்தார். அறுபத்தெட்டு வயது, முன்பு கல் குவாரியில் ஜல்லி உடைத்தவர். சிகாநாதர் கோயில் மண்டபத்துச் சிற்பங்களைப் பற்றி எழுதினால் இந்த இதழ் போதாது. பத்துத் தலை இராவணன் ஒருவனுக்கே அரைமணி வேண்டும். நாம் நாடிச் சென்றது மேலைக்கோயில் குடைவரைக்குத் தெற்கே, மலைச்சரிவில் உள்ள இசைக் கல்வெட்டை. ஏழு பகுதிகள், நான்கு நான்கு சுரங்களாகக் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறது. ருத்ராசாரியாரின் சீடனாகிய அரசன் ஒருவன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று முடிவில் கண்டிருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன்தான் அவன் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அதை ஒப்பாத ஆராய்ச்சியாளரும் உண்டு. மாணவர்களுக்காகப் பாறையையே கரும்பலகை ஆக்கிய அரசன் எவனாயினும் நமக்குச் சம்மதம்.

நாம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க, தாயார் கேட்டதாகத் தெரியவில்லை. எழுத்தின் பள்ளத்தின் அருகே விரலை நீட்டி, தொடாமல், வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"வாத்தியார் தம்பி, இதை ஒருத்தன் வெட்டலீங்க. இந்த வரி வரைக்கும் ஒரு கை. இங்கேருந்து வேற கை. உளி சாய்ச்ச வாகு மாறிடுச்சு பாருங்க" என்றார்.

பார்த்தோம். நமக்கு ஒன்றும் தெரியவில்லை; தெரிந்ததாகத் தலையசைக்கவும் மனம் வரவில்லை. இருபது வருஷம் பாறை உடைத்த இந்த அம்மாள், ஒரு மைலுக்குள் இருந்தும் இவ்விடத்துக்கு ஏறி வந்தது அன்றுதான் முதல் தடவையாம். "குவாரிக்கு லேட்டாப் போனா அரைக்கூலி. இதுக்கெங்க நேரம்?" என்றார். மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில். கருவாட்டுக் குழம்பு என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பொழுது சாயுமுன் 12 மைல் மிதித்து ஊர் திரும்பினோம்.

மறுநாள் நார்த்தாமலை. திருச்சி சாலையில் லாரிகள் அதிகம். ஆகவே இருட்டோடு கிளம்பி வெயில் ஏறுமுன் போய்ச் சேருவது உத்தமம். மேலமலையின் பாறைச் சரிவில் மேற்கு நோக்கி நிற்கும் விஜயாலய சோழீசுவரம், வெளியே சதுரமும் உள்ளே வட்டக் கருவறையும் கொண்டது. பெயர் சோழ மன்னனுடையது. கல்வெட்டோ, சாத்தன் பூதி எடுப்பித்த கற்றளி மழையாலும் இடியாலும் சிதைய, மல்லன் விடுமன் புதுக்கினான் என்கிறது. எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்றில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாய் நிற்க, ஊரார் அதைச் 'சமணர் குடகு' என்கிறார்கள். கோயிலின் நிழலில் உட்கார்ந்து பார்த்தால் நாம் ஏறி இறங்கிய மேடுகளும் கண்மாய்களும் எட்டிய மட்டும் தெரிகின்றன.

கொடும்பாளூருக்கு இன்னும் போகவில்லை. அன்னவாசல், இலுப்பூர் வழியாகச் சுமார் 25 மைல். போக ஒரு நாள், வர ஒரு நாள் வைத்துக்கொள்ள வேண்டும். பூதி விக்கிரமகேசரி தனக்கும் தன் தேவியர் இருவருக்குமாக எழுப்பிய மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டே. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி சொல்லும் மறையோன், இந்த ஊர்க் குளத்தைத் தாண்டியதும் பாதை மூன்றாய்ப் பிரியும் என்று கோவலனுக்குக் கூறுகிறான். அந்தக் கவலையில் சைக்கிளை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

பிரயாணம் செய்ய விரும்பும் நேயர்களுக்கு: மார்கழி, தை மாதங்களே தகுந்தவை, சித்திரையில் பாறை கொதிக்கும். தண்ணீரும் ஒட்டுப் போடும் சாமான்களும் அவசியம். கியர் வைத்த விலை உயர்ந்த வண்டி வேண்டியதில்லை.

வருகிற சனிக்கிழமை பதினோராம் வகுப்பு புறப்படுகிறது. 39 பேர் பெற்றோரின் கையெழுத்து வாங்கி வந்துவிட்டார்கள். மற்ற மூவரும் பெண்கள். அவர்கள் வீடுகளுக்குத் தமிழாசிரியை அம்மாள் நாளை மாலை போகிறார், சைக்கிளில். குடுமியான்மலைத் தாயார், இந்தத் தடவை கல்வெட்டைப் பற்றித் தாமே சொல்லுவதாகவும், நாம் சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் போதும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.