5,000, 10,000, 15,000... ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் ஆயில் எப்போ மாத்தணும்?

"ஃபுல் சிந்தெட்டிக் ஊத்தியிருக்கேன் மச்சி, 15,000 கிலோமீட்டருக்குக் கவலையே இல்லை." இது ஒரு கட்சி. "5,000 தாண்டினா இன்ஜின் போயிடும் சார்." இது இன்னொரு கட்சி. ரெண்டு பேரும் ஒரே இடத்துல கோட்டை விடுறாங்க. ரெண்டு பேருமே ஓடோமீட்டரை மட்டும்தான் பார்க்கிறாங்க!

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஃபெராரி, போர்ஷே மட்டும்தான் என்று நினைச்சு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. செகண்ட் ஹேண்டில் வாங்கின போலோ ஜிடி, ஆக்டேவியா ஆர்.எஸ், ஐ20 என் லைன் என எந்த டர்போ பெட்ரோல் கார் வெச்சிருந்தாலும் இந்தக் கணக்கு உங்களுக்கும்தான். தப்பினால், ஆயிரங்களில் முடிய வேண்டிய சர்வீஸ், லட்சங்களில் இன்ஜின் வேலையாகி நிற்கும். வாங்க, விஷயத்துக்குப் போகலாம்.

ஃபெராரி சொல்லும் கணக்கு

ஃபெராரி தன் கார்களுக்கு வைத்திருக்கும் சர்வீஸ் இடைவெளி 20,000 கி.மீ அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. இதில் எது முதலில் வருகிறதோ, அதுதான் கணக்கு. ஃபெராரி வெச்சிருக்கிறவங்க பலர் வருஷத்துக்கு 3,000 கி.மீகூட ஓட்ட மாட்டாங்க. ஆனாலும், வருஷம் முடிஞ்சா கார் சர்வீஸுக்குப் போயாகணும்.

'ஓடவே இல்லையே, ஆயில் எப்படிக் கெடும்?' என்று தோணுதா? நியாயமான கேள்விதான். ஆயில் கெடுவதற்கு கார் ஓட வேண்டும் என்ற அவசியம் இல்லை. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் ஆவியாக வெளிவரும். அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கும். கூடவே எரியாத பெட்ரோலும் சேரும். ஆயில் நன்றாகச் சூடாகி, அந்தச் சூட்டில் சிறிது நேரம் ஓடினால்தான் இவையெல்லாம் ஆவியாகி வெளியேறும். கார் 10 நிமிஷம் ஓடி, திரும்ப ஷெட்டுக்குள் போனால் அத்தனையும் ஆயிலிலேயே தங்கிவிடும். நாளாக நாளாக அது அமிலமாக மாறி, பேரிங்குகளைச் சத்தமில்லாமல் அரிக்க ஆரம்பிக்கும்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி, அஞ்சு நிமிஷம் உறும விட்டு ஆஃப் பண்ணும் பழக்கம் இருக்கிறதா? அது காருக்கு நல்லது இல்லை. எடுத்தால் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்க. இல்லைன்னா எடுக்காமலே இருங்க.

சிந்தெட்டிக் என்றால் சாகாவரமா?

சாதாரண மினரல் ஆயிலைவிட சிந்தெட்டிக் ஆயில் அதிகச் சூட்டைத் தாங்கும், குளிரில் சீக்கிரம் இளகி ஓடும், எளிதில் கசடாகாது. இதெல்லாம் உண்மை. ஆனால், டப்பாவுக்குள் ஆயில் மட்டும் இல்லை. அழுக்கை வாரி எடுக்கும் டிடர்ஜென்ட், அமிலத்தை முறிக்கும் காரம், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம் எனப் பல சேர்க்கைகளும் இருக்கும். வேலை செய்யச் செய்ய இவை தீரும். சிந்தெட்டிக் ஆயில் தாக்குப்பிடித்தாலும், உள்ளே இருக்கும் சேர்க்கைகள் தீர்ந்துவிட்டால் பாதுகாப்பும் குறைந்துவிடும்.

டர்போ கார் என்றால் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. சின்ன டர்போக்களின் தண்டு, நிமிடத்துக்கு 2 லட்சம் முறை வரைகூடச் சுற்றும். பக்கத்திலேயே தகிக்கிற புகை. இதற்கு நடுவே தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். விரட்டி வந்து சட்டென்று ஆஃப் பண்ணினால், அங்கே தேங்கி நிற்கும் ஆயில் கருகும். கடைசி ரெண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்து நிறுத்துங்க, போதும்.

10,000 கி.மீ எல்லாம் ஒன்றல்ல!

ஒரு சின்ன கணக்கு போடலாம். ஹைவேயில் சராசரியாக 80 கி.மீ வேகத்தில் போனால், 10,000 கி.மீ ஓட 125 மணி நேரம் ஆகும். சிட்டி டிராஃபிக்கில் சராசரி வேகம் 20 கி.மீதான் என்றால்? அதே 10,000 கிலோமீட்டருக்கு 500 மணி நேரம். ஓடோமீட்டரில் ஒரே எண். ஆனால், இன்ஜின் ஓடிய நேரம் 4 மடங்கு!

அதனால்தான் பல ஓனர்ஸ் மேனுவல்களில் 'சிவியர் யூஸ்' என்று தனி அட்டவணையே இருக்கும். குறைந்த தூரப் பயணம், நின்று நின்று போகும் டிராஃபிக், புழுதி, நீண்ட நேர ஐட்லிங் எல்லாம் அதில் அடக்கம். காலையில் சென்னை ஓ.எம்.ஆரில் ஆபீஸ் போகிறவர் இந்த லிஸ்ட்டைப் படித்தால், தன் டைரியைப் படித்த மாதிரி இருக்கும்!

சரி, எப்போதான் மாத்தணும்?

முதல் விதி, உங்க கார் மேனுவல். அதற்குப் பிறகு, நீங்க ஓட்டும் விதத்தைப் பொறுத்து இப்படி வெச்சுக்கலாம்.

வீக் எண்டு கார்: கி.மீ எவ்வளவு குறைவாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை. மாசக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்களா? நிறுத்துவதற்கு முன்பே மாத்திடுங்க. அழுக்கு ஆயிலோடு இன்ஜினைத் தூங்க விடக் கூடாது.

ஹைவே கார்: மேனுவல் சொல்லும் 10,000 அல்லது 15,000 கி.மீ வரை தாராளமாகப் போகலாம். 5,000-லேயே மாத்துவது உங்க பர்ஸுக்குத்தான் சேதம்.

தினசரி சிட்டி டர்போ: மேனுவலில் சிவியர் யூஸ் அட்டவணை இருந்தால் அதுதான். இல்லையென்றால் 15,000 என்று போட்டிருப்பதை 7,500 முதல் 10,000 என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

டிராக் டே கார்: இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயிலோ ஒரு நாள் முழுக்க விரட்டினால், அதை சாதாரணக் கிலோமீட்டராக எண்ணக் கூடாது. போவதற்கு முன் ஆயில் அளவைப் பாருங்க. வந்த பிறகு, அடுத்த சர்வீஸுக்குக் காத்திருக்காமல் மாத்திடுங்க.

புது கார்: பி.எம்.டபிள்யூ தன் எம் கார்களுக்கு 2,000 கிலோமீட்டரிலேயே ரன்னிங்-இன் சர்வீஸ் வைத்து ஆயிலை மாற்றச் சொல்கிறது. புது இன்ஜினின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகத் துகள்களை வெளியே எடுக்கத்தான் இது. உங்க மேனுவலிலும் அப்படி இருந்தால் தட்டிக் கழிக்காதீங்க.

ஃபில்டர்ல மிச்சம் பிடிக்காதீங்க

ஆயில் ஃபில்டரை ஒவ்வொரு முறை ஆயில் மாத்தும்போதும் மாத்தணும். 'ஒண்ணு விட்டு ஒண்ணு' என்ற கதையே வேண்டாம். ஃபில்டர் அடைத்துக்கொண்டால், இன்ஜினுக்கு ஆயில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக பைபாஸ் வால்வு திறக்கும். அதன்பிறகு, வடிகட்டாத ஆயில்தான் இன்ஜினுக்குள் சுற்றும். எந்த லைட்டும் எரியாது, எந்தச் சத்தமும் வராது.

ஏர் ஃபில்டரை 10,000 கி.மீக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம். பொதுவாக 20,000 முதல் 40,000 கி.மீக்குள் மாற்றச் சொல்வார்கள். புழுதி ரோடு என்றால் இன்னும் சீக்கிரம். கழுவிப் பயன்படுத்தும் காட்டன் ஃபில்டர் போட்டிருந்தால், அதில் எண்ணெயை அளவாகத் தடவுங்க. அதிகமானால், காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து கார் திக்கும்.

கலரைப் பார்த்து ஏமாறாதீங்க

ஆயில் கறுப்பாகிவிட்டால் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. அழுக்கை வாரி எடுக்கும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது, அவ்வளவுதான். பயப்பட வேண்டியவை வேறு. ஆயில் பால் கலந்த காபி மாதிரி தெரிந்தால், தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம் அடித்து, அளவும் ஏறியிருந்தால், எரிபொருள் கலக்கிறது. ரெண்டில் எது நடந்தாலும் கி.மீ கணக்குப் பார்க்காமல் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்க.

வாங்கும்போது கிரேடு மட்டும் பார்த்தால் போதாது. 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 எல்லாம் ஆயிலின் பிசுபிசுப்பு அளவு மட்டும்தான். ஃபோக்ஸ்வாகன் 502 00, போர்ஷே ஏ40, பி.எம்.டபிள்யூ லாங்லைஃப்-01 மாதிரி உங்க மேனுவல் கேட்கும் அப்ரூவல் டப்பாவின் பின்பக்கம் இருக்கிறதா என்று பாருங்க. சீல் உடைக்காத டப்பாவை உங்க கண் முன்னால் திறக்கச் சொல்லுங்க. காலி டப்பாவை ஓட்டை போட்டுட்டு வாங்க. இல்லைன்னா அதுவே நாளைக்குப் போலி ஆயிலுக்குப் பாத்திரமாகிவிடும்.

முக்கியமாக, பில்லைப் பத்திரப்படுத்துங்க. வாரன்ட்டி கேட்கும்போது அதுதான் சாட்சி. செகண்ட் ஹேண்டில் கார் பார்க்கப் போனாலும் இதே விதிதான். 'அஞ்சு வருஷத்துல 18,000 கி.மீதான் ஓடியிருக்கு' என்று சொன்னால் உடனே அட்வான்ஸ் நீட்டிடாதீங்க. அஞ்சு வருஷத்துக்கு அஞ்சு ஆயில் பில் இருக்கிறதா என்று கேளுங்க. ஒண்ணோ ரெண்டோதான் இருக்கிறது என்றால், அந்தக் குறைந்த கிலோமீட்டருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.